பூட்டிக்கொள்ளாத சக்கரம்

தர்மபுரியை விட்டுச் சேலத்தை நோக்கித் தெற்கே செல்லும் பிரயாணிக்கு, முதலில் சிறிது தூரம் வரையில் நிலம் சமமாகவே இருப்பதுபோலத் தோன்றும். இருபுறமும் மானாவாரிக் காடுகளும் புளிய மரங்களும் தொலைவில் நீலமாகத் தெரியும் குன்றுகளும் பின்னோக்கி நகர்ந்துகொண்டிருக்கும். பாராமகால் என்று பழைய ஆவணங்கள் குறிக்கும் அந்த மேட்டுப் பூமி தொப்பூர்க் கணவாயை எட்டியதும் முடிவடைகிறது. அங்கிருந்து சாலை, மலைகளின் இடுக்கில் புகுந்து, வளைந்து வளைந்து, சேலத்துத் தாழ்நிலத்தை நோக்கி இறங்குகிறது. கட்டமேடு, இரட்டைப் பாலம் என்று லாரி ஓட்டுநர்கள் பெயர் சொல்லும்போதே குரலில் ஒரு ஜாக்கிரதை தொனிக்கும் இடங்கள் இந்த இறக்கத்தில்தான் இருக்கின்றன. 2020 டிசம்பரில், சிமெண்டு ஏற்றி வந்த லாரி ஒன்று இங்கே கட்டுப்பாட்டை இழந்து, நெரிசலில் நின்றிருந்த வாகனங்களின்மீது ஒன்றன்பின் ஒன்றாக மோதி உயிர்களைப் பறித்தது. 2024 ஜனவரியில் மீண்டும் அதே கணவாயில் வாகனங்கள் மோதித் தீப்பற்றி எரிந்த காட்சியை நாடே கண்டு கலங்கியது.

ஓடுகிற வாகனத்தை நிறுத்துவது எப்படி என்ற கேள்வியை ஆராய்வதற்கு இதைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது அரிது. பிரேக்கை மிதித்தால் வண்டி நிற்கிறது என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். உண்மையில் பிரேக் நிறுத்துவது சக்கரத்தை மட்டுமே. வண்டியை நிறுத்துவது சாலை. ஓராயிரம் கிலோ எடையுள்ள ஒரு காரை, அதற்குள் அமர்ந்திருக்கும் குடும்பத்தோடும் மூட்டை முடிச்சுகளோடும் சேர்த்துப் பூமியுடன் பிணைத்து வைத்திருப்பவை நான்கு டயர்களும் தரையைத் தொடுகின்ற நான்கு சிறு பரப்புகள்தாம். ஒவ்வொன்றும் ஏறக்குறைய உள்ளங்கையளவே இருக்கும். எத்தனை உயர்ந்த பிரேக்கைப் பூட்டினாலும், எவ்வளவு பலமாக மிதித்தாலும், அந்த நான்கு பரப்புகளும் தாரைப் பற்றும் அளவுக்கு மேல் ஓர் அணுவும் கூடுதலாக வண்டியின் வேகத்தைத் தணிக்க முடியாது. இந்த ஒன்றை மனத்தில் இருத்திக்கொண்டால், பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும், ஏ.பி.எஸ். என்று இன்று எல்லோரும் வழங்கும் சாதனத்தின் தத்துவம் முழுவதும் தானாகவே விளங்கிவிடும்.

தானியக் களத்தில் கேழ்வரகு மூட்டையைத் தள்ளிப் பார்த்தவர்களுக்கு உராய்வின் குணம் தெரியும்: அசையாமல் கிடக்கும் மூட்டையைக் கிளப்புவதற்குத்தான் பலம் அதிகம் வேண்டும், அது நகர்ந்து வழுக்கத் தொடங்கிவிட்டால் பிறகு குறைந்த பலமே போதும். டயரின் விஷயமும் அப்படியே. உருண்டோடுகிற டயரின் அடிப்பகுதி, தரையைத் தொடும் அந்தக் க்ஷணத்தில், தரையைப் பொறுத்தவரையில் ஏறக்குறைய அசைவற்று நிற்கிறது; ஆகவே அதன் பிடி வலுவானது. பிரேக்கை மிகைப்படுத்தி மிதித்துச் சக்கரத்தின் சுழற்சியையே நிறுத்திவிட்டால், டயர் உருள்வதை விட்டுவிட்டு இழுபடத் தொடங்குகிறது, பிடி தளர்கிறது. இவ்விரு நிலைகளுக்கும் இடையில் ஒரு நடுநிலை உண்டு. சக்கரம் சுழன்றுகொண்டே, ஆனால் வண்டியின் வேகத்துக்கு நூற்றுக்குப் பத்து முதல் இருபது பங்கு பின்தங்கிச் சுழலும்போது, தார்ச்சாலையில் அதன் பிடி உச்சத்தை அடைகிறது. அந்த உச்சத்தைத் தாண்டியதும் சக்கரம் மேலும் மேலும் பின்தங்கி, நொடியின் மிகச் சிறிய பகுதிக்குள் முற்றிலும் பூட்டிக்கொண்டுவிடும். ‘வீல் லாக் ஆகிவிட்டது’ என்று பட்டறைக்காரர்கள் சொல்வது இதைத்தான்.

பூட்டிக்கொண்ட சக்கரத்தினால் விளையும் கேடுகளுள், நிற்கும் தூரம் சற்றுக் கூடுவது சிறிய கேடுதான். பெரிய கேடு வேறொன்று. டயருக்குள்ள பிடி முழுவதும் முன்பக்க இழுப்பிலேயே செலவழிந்துவிட்டால், பக்கவாட்டில் திரும்புவதற்கு அதனிடம் ஒன்றும் மிஞ்சுவதில்லை. முன்சக்கரங்கள் பூட்டிக்கொண்ட காரில் ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் எவ்வளவு திருப்பினாலும், அது ஏற்கனவே சென்றுகொண்டிருந்த நேர்க்கோட்டிலேயே சறுக்கிக்கொண்டு போகும். எதிரே நிற்பது லாரியாயினும் பாலத்துச் சுவராயினும் அதற்கு ஒன்றுதான். பின்சக்கரங்கள் முதலில் பூட்டிக்கொண்டாலோ அபாயம் இன்னும் அதிகம்: வண்டியின் வால் முன்னே வர முயன்று, கார் தன்னைத்தானே சுற்றிக்கொண்டுவிடும்.

பழைய காலத்து ஓட்டுநர்களுக்கு இந்த நுட்பம் அநுபவத்தில் தெரிந்தே இருந்தது. மழைநாளில் பிரேக்கை ஒரேயடியாக அழுத்தாமல் விட்டு விட்டு மிதிக்க வேண்டும் என்று குருநாதர்கள் தங்களிடம் கிளீனராக இருந்த இளைஞர்களுக்குக் கற்பித்தார்கள். அது சரியான போதனையே. ஆயினும் மனிதக் காலினால் நொடிக்கு இரண்டு மூன்று தடவைக்குமேல் அவ்வாறு செய்ய இயலாது. அதிலும், கால் ஒன்று, சக்கரங்களோ நான்கு. இடப்பக்கத்துச் சக்கரங்கள் ஈரச் செம்மண்ணிலும் வலப்பக்கத்துச் சக்கரங்கள் தாரிலும் ஓடும்போது எந்தப் பக்கத்துக்கு எவ்வளவு மிதிப்பது என்று எவரும் கணக்கிட முடியாது. தர்மபுரி மாவட்டத்துக் கிராமச் சாலைகளில் ஓட்டியவர்களுக்கு இது வெறும் கற்பனை அன்று என்பது தெரியும்: எதிரே பஸ் வந்தால் ஒதுங்குவது மண்ணில்தான், அறுவடைக் காலத்திலோ கொள்ளுச் செடியையும் கேழ்வரகுக் கதிரையும் வண்டிகள் ஏறி மிதித்துத் தானியம் உதிரட்டும் என்று தார்ச்சாலையிலேயே பரப்பி வைத்திருப்பார்கள். உலர்ந்த கொள்ளுச் செடியின்மேல் பூட்டிக்கொண்ட சக்கரம், எண்ணெய் தடவிய பலகைமேல் போவதாகவே போகும்.

காலினால் முடியாததை யந்திரத்தைக் கொண்டு செய்விக்க வேண்டும் என்ற எண்ணம் முதலில் தோன்றியது விமானத்துறையில். விமானம் ஓடுபாதையில் இறங்கும்போது சக்கரம் பூட்டிக்கொண்டால், டயர் ஒரே இடத்தில் தேய்ந்து வெடித்துவிடும். இதைத் தடுக்க 1920களில் பிரெஞ்சு நாட்டு கேப்ரியல் வாசான் முயன்றார். 1950களின் தொடக்கத்தில் பிரிட்டனின் டன்லப் நிறுவனம் ‘மாக்ஸரெட்’ என்ற சாதனத்தை விமானங்களில் பொருத்தி வெற்றி கண்டது. அதே சாதனத்தை 1958இல் பிரிட்டனின் சாலை ஆராய்ச்சிக் கூடத்தார் ராயல் என்ஃபீல்டு சூப்பர் மீட்டியர் என்ற மோட்டார் சைக்கிளில் பொருத்திச் சோதித்தார்கள். ஈரச் சாலையில் பலன் நன்றாகவே இருந்தும் அது உற்பத்திக்கு வரவில்லை. அந்தக் காலத்திலேயே அதே என்ஃபீல்டு குடும்பத்து வண்டிகள் நம் சென்னைப் பட்டணத்தில் தயாராகத் தொடங்கியிருந்தன என்பது நினைக்கத்தக்கது. 1966இல் ஜென்சன் எஃப்.எஃப். என்ற பிரிட்டிஷ் கார் மாக்ஸரெட்டை ஏற்றது. ஆனால் அந்தக் கார் உலகம் முழுவதற்கும் சில நூறுக்குமேல் செய்யப்படவில்லை.

இவையெல்லாம் சுழலும் தட்டுகளையும் சுருள்வில்லையும் கொண்ட, மெதுவாகவே இயங்கும் அமைப்புகள். சக்கரத்தின் நிலையை நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை அளந்து, உடனுக்குடன் தீர்மானிக்கும் வேலைக்கு மின்னணுவியல் வளரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஜெர்மனியில் ஹைன்ஸ் லைபர் என்ற பொறியாளரும் அவருடன் உழைத்தவர்களும் பல ஆண்டுகள் இதில் ஈடுபட்டார்கள். 1970இல் டைம்லர் பென்ஸ் நிறுவனத்தார் தங்கள் சோதனைத் தளத்தில் பத்திரிகையாளர் முன்னிலையில் அதை இயக்கிக் காட்டினார்கள். ஆயினும் அந்த முதல் கட்டுப்பாட்டுப் பெட்டியில் ஆயிரம் உறுப்புகள் வரையில் நெருங்கிக் கிடந்ததால், சாலையின் அதிர்ச்சியையும் உஷ்ணத்தையும் அது நாட்பட்டுத் தாங்கும் என்ற நம்பிக்கை எவருக்கும் வரவில்லை. பாஷ் நிறுவனத்தார் இலக்கமுறைச் சுற்றுகளைக் கையாண்டு உறுப்புகளைச் சுமார் 140ஆகச் சுருக்கிய பிறகு, 1978இல் மெர்சிடஸ் எஸ் வகுப்புக் காரில் அது விற்பனைக்கு வந்தது. செல்வந்தர்களின் காரில் தோன்றிய அந்தச் சாதனம் இந்தியாவில் எல்லாக் கார்களுக்கும் சட்டப்படி கட்டாயமாவதற்கு 2019 ஏப்ரல் வரை, நாற்பது ஆண்டுகளுக்குமேல் காத்திருக்க நேர்ந்தது. இவ்வளவு காலம் வேண்டியிருந்திருக்கக் கூடாது என்பதே என் அபிப்பிராயம்.

இனி, அதன் உறுப்புகளைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். தர்மபுரிக்கு அருகே நெடுஞ்சாலையோரத்துப் பட்டறையொன்றில் காரின் முன்சக்கரத்தைக் கழற்றி வைத்திருக்கும்போது குனிந்து நோக்கினால், சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் அச்சில் நுண்ணிய பற்கள் வெட்டிய இரும்பு வளையம் ஒன்று தென்படும். அதற்கு ஒரு மில்லிமீட்டர் அளவே விலகி, சுண்டுவிரல் நுனியைவிடச் சிறிதாக, கறுப்புக் கம்பியோடு கூடிய ஒரு சென்சார் அசையாமல் நின்றுகொண்டிருக்கும். சென்சாருக்குள் இருப்பது காந்தம். வளையத்தின் ஒவ்வொரு பல்லும் அதைக் கடந்து போகும்போது காந்தப் புலம் சிறிது மாறி, கம்பியில் ஒரு மின் துடிப்பு எழுகிறது. டயரின் சுற்றளவு 1.9 மீட்டர், வளையத்தில் 48 பற்கள் என்று வைத்துக்கொண்டால், மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் நொடிக்கு ஏறக்குறைய ஒன்பது சுற்றுச் சுற்றும். சென்சார் நொடிக்கு 420 துடிப்புகள் அனுப்பும். சில கார்களில் பல் வளையத்துக்குப் பதிலாகக் காந்தப் பட்டை பதித்த வளையம் இருக்கும், தத்துவம் ஒன்றே.

நான்கு சக்கரங்களிலிருந்தும் வரும் இந்தத் துடிப்புகளைக் கணிப்பொறி எண்ணிக்கொண்டே இருக்கிறது. இங்கே ஓர் அழகான சிக்கல் எழுகிறது. சக்கரம் பின்தங்குகிறதா என்று அறிய வேண்டுமானால் வண்டியின் மெய்யான வேகம் தெரிய வேண்டும். வண்டியின் வேகத்தை அறிவதற்கோ சக்கரங்களைத் தவிர அதற்கு வேறு சாட்சி கிடையாது. நான்கு சாட்சிகளும் ஒருங்கே பொய் சொன்னால் என்ன செய்வது? பொறியாளர்கள் இதற்குக் கண்ட விடை, இயற்கையின் எல்லையையே அளவுகோலாகக் கொள்வது. எத்தகைய நல்ல சாலையிலும் சாதாரணக் கார் ஒன்று ஒரு நொடியில் இழக்கக்கூடிய வேகம் மணிக்குச் சுமார் 35 கிலோமீட்டருக்கு மேற்படாது. ஏனெனில் டயரின் பிடி வண்டியின் எடைக்குமேல் செல்வது அரிது. ஆகவே, 80 கிலோமீட்டர் வேகத்தில் சென்ற காரின் சக்கரம் நொடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் சுழற்சியை நிறுத்தப் பார்த்தால், வண்டி அவ்வளவு விரைவில் நின்றிருக்க முடியாது, சக்கரம்தான் பூட்டிக்கொள்ளப் போகிறது என்று கணிப்பொறி தீர்மானிக்கிறது. சக்கரம் முற்றிலும் நின்றுபோகும்வரை அது காத்திருப்பதில்லை. வேகம் விழுகிற விதத்தைக் கண்டே, விழுவதற்கு முன்னே தடுக்கிறது.

தடுக்கும் முறை எளிமையானது. மிதிக்கும்போது மாஸ்டர் சிலிண்டரிலிருந்து பிரேக் ஆயில் அழுத்தத்தோடு சக்கரத்துக்குப் போகும் வழியில், ஒவ்வொரு சக்கரத்துக்கும் இரண்டு வால்வுகள் உள்ளன. உள்ளே விடும் வால்வு வழக்கமாகத் திறந்தே இருக்கும். வெளியே விடும் வால்வு வழக்கமாக மூடியே இருக்கும். சக்கரம் பூட்டிக்கொள்ளப் போகிறதென்று தெரிந்ததும், முதல் வால்வு மூடிக்கொள்கிறது: அதன்பிறகு ஓட்டுநர் எவ்வளவு அழுத்தினாலும் அந்தச் சக்கரத்தில் அழுத்தம் கூடாது. அப்போதும் சக்கரம் தடுமாறினால் இரண்டாவது வால்வு திறந்து, சிறிது ஆயிலை ஒரு சிறு தேக்கத்துக்குள் விட்டுவிடுகிறது. சக்கரம் விடுபட்டு மீண்டும் சுழல்கிறது. சுழன்றதும் வெளிவால்வு மூடி உள்வால்வு திறந்து, அழுத்தம் படிப்படியாக ஏறுகிறது. தேங்கிய ஆயிலை ஒரு மோட்டார் பம்பு திருப்பி அனுப்புகிறது. பிடித்தல், தளர்த்தல், மீண்டும் பிடித்தல் என்ற இந்தச் சுற்று நொடிக்குப் பத்துத் தடவைக்கு மேலும் நிகழும். அதுவும் நான்கு சக்கரங்களுக்கும் தனித்தனியாகக் கவனிக்கப்படும். கொள்ளுச் செடிமேல் ஓடும் சக்கரத்துக்குச் சிறிதும், தாரில் ஓடும் சக்கரத்துக்கு அதிகமுமாகப் பங்கிட்டுத் தருவது இவ்வாறுதான். மின்சாரம் தடைப்பட்டாலும் உள்வால்வு திறந்தும் வெளிவால்வு மூடியுமே நிற்கும் என்பதையும் கவனிக்க வேண்டும். அதனால் சாதனம் செயலற்றுப் போனாலும் சாதாரணப் பிரேக் அப்படியே இருக்கும். சென்சாரில் செம்மண் அப்பியோ கம்பி அறுந்தோ கோளாறு ஏற்பட்டால் முகப்பில் மஞ்சள் விளக்கு எரியும். “பயப்படாதீங்க சார், பிரேக் புடிக்கும், ஏ.பி.எஸ். மட்டும் வேலை செய்யாது. ஊருக்குப் போற வரைக்கும் பாத்து மெதுவா ஓட்டுங்க” என்று பட்டறைக்காரர் சொல்வது அட்சரம் பிசகாத உண்மை.

இந்தச் சுற்று நடக்கும்போது பெடலில் ஒரு துடிப்பு காலுக்குத் தெரியும். அடியிலிருந்து கரகரவென்று ஓசையும் எழும். முதல் தடவையாக அதை உணர்கிறவர் ஏதோ உடைந்துவிட்டதென்று அஞ்சிக் காலை எடுத்துவிடுகிறார். விட்டு விட்டு மிதிக்கப் பழகியவரும் பழக்க தோஷத்தால் அவ்வாறே செய்கிறார். இருவரும் காப்பாற்ற வந்த கையைத் தட்டிவிடுகிறார்கள். ஏ.பி.எஸ். உள்ள காரில் ஆபத்து நேரத்தில் செய்ய வேண்டியது ஒன்றுதான்: முழுப் பலத்தோடு மிதித்து, மிதித்த காலை எடுக்காமல், கண்ணை இடைவெளியின்மேல் வைத்து ஸ்டியரிங்கைத் திருப்புவது. கார் ஓட்டக் கற்கும்போதே, காலியான மைதானத்தில் ஒரு தடவையாவது இதைச் செய்து காட்டும் வழக்கம் நம் ஓட்டுநர்ப் பள்ளிகளில் ஏற்பட வேண்டுமென்று நான் மனப்பூர்வமாக விரும்புகிறேன்.

இச்சாதனம் நிற்கும் தூரத்தை வெகுவாகக் குறைத்துவிடும் என்று நம்புகிறவர்கள் பலர். கணக்கைப் பார்ப்போம். மணிக்கு 80 கிலோமீட்டரில் ஓடும் கார், உலர்ந்த நல்ல தாரில் டயரின் பிடி எடையில் பத்தில் எட்டுப் பங்கு இருக்குமானால், மிதித்த பிறகு சுமார் 31 மீட்டரில் நிற்கும். மழையில் அந்தப் பிடி பத்தில் நாலாகக் குறைந்தால் 63 மீட்டர் வேண்டும். அதோடு நூற்றுக்கு ஐந்து சரிவுள்ள இறக்கமாகவும் இருந்தால் 72 மீட்டர். ஆபத்தைக் கண்டு கால் பெடலுக்குப் போகும் ஒரு நொடியில் கார் 22 மீட்டர் ஓடிவிடுவது இவற்றுக்குப் புறம்பு. ஏ.பி.எஸ். இந்தப் பிடியை வீணாக்காமல் காப்பாற்றும். இல்லாத பிடியைப் படைக்காது. தேய்ந்து வழுவழுத்த டயரோடு அது எவ்வளவு சாமர்த்தியமாக உழைத்தாலும் பயனில்லை. தளர்ந்த ஜல்லியிலோ, பூட்டிக்கொண்ட சக்கரம் தன் முன்னே கல்லைக் குவித்து அதில் முட்டிக்கொண்டு சீக்கிரம் நின்றுவிடும், ஏ.பி.எஸ். உள்ள கார் இன்னும் சிறிது தூரம் ஓடும். எனினும் அங்கேயும் திரும்பும் ஆற்றல் அதற்கே உண்டு. உயிரைக் காப்பது பெரும்பாலும் அந்தத் திருப்பம்தான்.

மனித இயல்பு இங்கே குறுக்கிடுவதும் உண்டு. 1980களில் ஜெர்மனியின் மூனிச் நகரத்து டாக்ஸிகளில் ஒரு பகுதிக்கு ஏ.பி.எஸ். பொருத்தி, மற்றவற்றை அப்படியே விட்டு, விபத்துகளை ஒப்பிட்டார்கள். எதிர்பார்த்த குறைவு காணப்படவில்லை. நல்ல பிரேக் இருக்கிறதென்ற தைரியத்தில் அந்த ஓட்டுநர்கள் முன்வண்டியை நெருங்கியும், வளைவுகளில் விரைந்தும் ஓட்டினார்கள் என்று ஆராய்ந்தவர்கள் கண்டார்கள்.

மறுபடியும் கணவாய்க்கு வருவோம். சமதரையில் ஒரு தடவை பிரேக் போடுவதும், நெடிய இறக்கம் முழுவதும் பிரேக்கை அழுத்தியபடியே இறங்குவதும் வெவ்வேறு காரியங்கள். ஆயிரம் கிலோ எடையுள்ள கார் நூறு மீட்டர் உயரம் இறங்கும்போது விடுவிக்கும் சக்தி ஏறக்குறைய பத்து லட்சம் ஜூல். மூன்று லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்க அது போதும். நாற்பது டன் லாரிக்கு அதைப்போல நாற்பது மடங்கு. அந்த உஷ்ணம் முழுவதையும் பிரேக் டிரம்களே ஏற்க நேர்ந்தால், டிரம் விரிந்து ஷூவை விட்டு விலகுகிறது. லைனிங்கின் பிடி தளர்கிறது. மிதித்தாலும் வண்டி நிற்பதில்லை. சென்னையை அடுத்த பாடியில் 1962இல் தோன்றிய பிரேக்ஸ் இந்தியாவும், அதே ஆண்டில் தோன்றிய சுந்தரம் கிளேட்டனும் தமிழ்நாட்டைப் பிரேக் தொழிலின் தலைவாசலாக்கின. பின்னதன் பிரேக் பிரிவு பிற்காலத்தில் தனி நிறுவனமாகி லாரிகளுக்கும் பஸ்களுக்கும் ஏ.பி.எஸ். செய்து தருகிறது. ஆனால் உலகத்து எந்தத் தொழிற்சாலையின் ஏ.பி.எஸ்.ஸும் உஷ்ணத்தில் செத்துப்போன பிரேக்குக்கு உயிர் கொடுக்காது. சக்கரம் பூட்டிக்கொள்ளும் அளவுக்குப் பிரேக் பிடித்தால்தானே அதைத் தளர்த்தும் வேலை இதற்கு வரும்?

தொப்பூரில் காவல்துறையாரும் சாலை அதிகாரிகளும் வருஷம் முழுவதும் ஓட்டுநர்களிடம் சொல்லிவருவது, நியூட்ரலில் இறங்காதீர்கள் என்பதே. வண்டி கியரில் இருந்தால் இறக்கத்தின் வேகம் எஞ்சினையும் சேர்த்துச் சுழற்ற வேண்டியிருக்கிறது. எஞ்சின் தன் உராய்வினாலும், காற்றை உறிஞ்சி அழுத்தும் பாட்டினாலும் அந்தச் சக்தியில் பெரும்பங்கை ஏற்றுக்கொண்டு, தன் குளிரூட்டும் அமைப்பு வழியே வெளியேற்றிவிடுகிறது. கியர் தாழ்ந்ததாக இருக்க இருக்க எஞ்சின் வேகமாகச் சுழன்று அதிகமாகத் தடுக்கும். பிரேக் அவ்வப்போது தொட்டுக்கொள்ள மட்டும் தேவைப்படும். எரிபொருள் மிச்சமாகும் என்ற நம்பிக்கையில்தான் பலர் நியூட்ரலுக்குத் தள்ளுகிறார்கள். கார்புரேட்டர் காலத்துக் கணக்கு அது. மின்னணு முறையில் எரிபொருள் செலுத்தும் இன்றைய எஞ்சின்களில், கியரில் இறங்கும்போது ஆக்சிலரேட்டரை விட்டுக் காலை எடுத்தவுடனே எரிபொருள் முற்றிலும் நிறுத்தப்படுகிறது. சக்கரமே எஞ்சினைச் சுழற்றுவதால் ஒரு சொட்டும் செலவில்லை. நியூட்ரலுக்குத் தள்ளியதும், எஞ்சின் அணைந்துவிடாமல் தன்னைத்தானே ஓட்டிக்கொள்வதற்காக, அந்த இறக்கம் முடியும்வரையில் எரிபொருளை எரித்துக்கொண்டே வருகிறது.